கருமேட்டின் தெற்குச் சரிவு

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று கூட்டத்தில் ஒரு வாக்கியம் பேசினேன். "ஒண்ணுக்கு மூணை விடச் செங்குத்தா வைக்க முடியாது சார்." காலையில் பேருந்தில் வரும்போதே அதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பேச்சு கருமேட்டின் தெற்குச் சரிவைப் பற்றியது. ஓர் அடி உயரத்துக்கு மூன்று அடி அகலமாகச் சாய வேண்டும் என்பது என் கணக்கு. கருமேடு எங்கள் நகராட்சியின் பழைய குப்பைக் கிடங்கு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கொட்டிக் கொட்டி இன்று இரண்டு பனை உயரம் நிற்கிறது. இனி அங்கே கொட்டப்போவதில்லை. மேட்டைச் சீராக வெட்டிச் சரித்து, மேலே களிமண், அதன்மேல் மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் கறுப்பு ஷீட், அதன்மேல் நீரை வடித்துவிடும் வலை போன்ற விரிப்பு, அதற்கும் மேல் முழங்கால் உயரத்துக்கு மண், கடைசியில் புல் என்று மூடிவிடுவது திட்டம்.

மூடுவது பெரிய காரியமில்லை. சரிவில் போட்ட மூடி அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் காரியம். மழையில் ஊறிக் கனத்த மண், எண்ணெய் தடவிய பலகையில் வைத்தது போல வழுக்கி இறங்கிவிடும். தெற்குப் பக்கம் இறங்கினால் அங்கே எங்கள் கீழத்தெரு இருக்கிறது. போன வருடத்துக்கு முந்தின மழையில் குப்பையே சரிந்து வீடுகளின் பின்சுவர் வரைக்கும் வந்தது. இரண்டு நாள் எங்கள் குளியலறைக் கதவைத் திறக்க முடியவில்லை.

ஒப்பந்தக்காரர் ராஜாமணி அண்ணாச்சிக்குச் சரிவு இன்னும் செங்குத்தாக வேண்டும். வெட்டிச் சுமக்க வேண்டிய குப்பை குறையும். அவர் பேசப் பேச எனக்கே அது நியாயம் போலத் தோன்றியது. அவ்வளவு நன்றாகப் பேசுகிறார். எட்வின் சார், எங்கள் ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு மேலே இருப்பவர், என் கணக்குத் தாள்களைப் புரட்டிவிட்டு, மாரி சொல்வதுதான் என்று முடித்துவிட்டார். என் முழுப்பெயர் சந்தனமாரி. அலுவலகத்தில் யாருக்கும் முழுதாகச் சொல்ல நேரமில்லை.

வரைபடத்தின் மூலையில் வடிவமைப்பு என்ற கட்டத்துக்குள் என் பெயர் அச்சாகியிருக்கிறது. போனில் படம் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா வீட்டில் விற்கும் இட்லி மாவை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய தாளில் பெயரை ஏன் இத்தனை சிறிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஷீட் வந்து இறங்கியது. இரண்டு பக்கமும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. வழவழப்பான ஷீட் போதும் என்றுதான் அண்ணாச்சி கேட்டார். நான் போன மாதம் ஆய்வகத்தில் பார்த்ததைச் சொன்னேன். (எட்வின் சார் சொன்னார். நான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.) ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஷீட்டையும் விரிப்பையும் நம் ஊர் மண்ணையும் அடுக்கி, மேலே பாரம் வைத்து இழுத்துப் பார்த்தோம். வழவழப்பானது லேசாக இழுத்ததுமே நழுவிவிட்டது. சொரசொரப்பானது பிடிவாதமாக நின்றது. அன்றைக்கு நாள் முழுவதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. நழுவும் நொடியைத் தவறவிட மனமில்லை.

அம்மா தலைவலி மாத்திரை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தளத்தில் டோசர் ஓட்டுவது அப்பா. ஒப்பந்தமும் முதலாளியும் எத்தனையோ முறை மாறியிருக்கிறார்கள், கருமேட்டில் குப்பையைத் தள்ளிச் சமன் செய்வது மட்டும் எப்போதும் அவர்தான். பெயர் ஆறுமுகநயினார். எல்லோருக்கும் நயினார். இந்தத் தளம் எனக்கு ஒதுக்கப்பட்ட அன்றே சொல்லிவிட்டார்.

"அங்கன நீ மேடம், நான் டிரைவரு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத."

ஒப்பந்தக்காரரின் ஆளும் ஆலோசகரின் ஆளும் சொந்தக்காரர்கள் என்று தெரிந்தால் வேலைக்கு நல்லதில்லை. சரியான ஏற்பாடுதான். அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

மதியம் அலுவலக ஆட்கள் நாங்கள் தகரக் கொட்டகையில் சாப்பிட்டோம். அப்பா டோசரின் நிழலில். என் டப்பாவிலும் அவர் தூக்குவாளியிலும் ஒரே அவரைக்காய்க் கூட்டு, ஓரத்தில் ஒரே மாதிரி இரண்டு மோர்மிளகாய். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம்தான் காற்று வரும்.

ஆகஸ்ட் 27, புதன்

ஷீட் ஒட்டி முடித்தார்கள். வெயிலில் பார்த்தால் மேடு முழுவதும் புதுக் கறுப்புப் பட்டுச் சேலை கட்டியது போல இருக்கிறது. நாளையிலிருந்து விரிப்பு.

செப்டம்பர் 3, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் தளத்துக்குப் போனபோது மேட்டின் உச்சியில் டிப்பர்கள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. அப்பா அங்கிருந்து சரிவை நோக்கி டோசரைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே தள்ளப்போகிறார்கள். வரைபடத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது, மண்ணைக் கீழிருந்து மேலே மட்டும்தான் தள்ள வேண்டும் என்று. அம்புக்குறி கூடப் போட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு அது ஏன் என்று புரியவில்லை. குப்பையை மேலிருந்துதான் தள்ளுவார்கள், எப்போதும் அப்படித்தான். பாதை உச்சிக்குத்தான் இருக்கிறது, மண் தானாக இறங்கும், டீசல் மிச்சம். ஆனால் குப்பைக்கு அடியில் ஷீட் கிடையாது. இங்கே மேலிருந்து தள்ளினால் மண்ணைக் கீழே தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. மண்ணின் கனம், வண்டியின் கனம், பிரேக் பிடிக்கும்போது விழும் உந்தல் எல்லாம் சேர்ந்து அத்தனை அடுக்கையும் கீழ்நோக்கி இழுக்கும். கீழிருந்து தொடங்கினால் முதலில் அடிவாரத்தில் மண் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து வருவது அதன்மேல் சாய்ந்து நிற்கும்.

இதை அண்ணாச்சியிடம் சொல்லப் போனேன். "சார், கீழிருந்து" என்பது வரைக்கும் வந்தது. அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். டிப்பர் அடிவாரத்துக்கு வர வேண்டுமென்றால் கீழத்தெருவுக்குப் பின்னால் பாதை போட வேண்டும், மழை வாசலில் நிற்கிறது, அதற்கெல்லாம் நாள் எங்கே என்று கேட்டார். பிறகு மேலே கையைக் காட்டினார்.

"நயினாரு எத்தன வருசமா இந்த மேட்டுல மேல இருந்து தள்ளுதாரு, கேட்டுப் பாருங்க. ஒரு தடவை வழுக்கியிருக்காரா? நேத்து வந்த பேப்பர் அவருக்குப் பாடஞ் சொல்லுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டோசர் உறுமிக்கொண்டு கிளம்பியது. எட்வின் சாருக்குப் போன் போகவில்லை. எனக்கு வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. அதனால் நடந்துபோய் டோசரின் மண் தள்ளும் பிளேடுக்கு முன்னால், விரிப்பின்மேல் நின்றுகொண்டேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எஞ்சின் அணைந்தது. புழுதி அடங்கியபோது மேலே இருக்கையில் அப்பா தெரிந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், சாமி வந்திருச்சா?" என்றார் அண்ணாச்சி. நான் நகரவில்லை. மதியம் தளத்தைப் பார்க்க எட்வின் சார் வந்து சேரும்வரை அங்கேயேதான் நின்றேன். வேலை நின்றது.

வீட்டில் அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "பிளேடு முன்னால நிக்கக் கூடாது. ஆரு வண்டியானாலும் நிக்கக் கூடாது."

செப்டம்பர் 5, வெள்ளி

எட்வின் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்தடுத்து இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு லாரியின் நீளத்துக்கு அகலம். ஒன்றில் கீழிருந்து மேலே, மற்றதில் மேலிருந்து கீழே. இரண்டையும் நயினாரே தள்ளட்டும். அவரைவிட நல்ல ஆள் இல்லை என்று அண்ணாச்சியே சொல்கிறாரே.

அடையாளம் வைத்தது நான். ஷீட்டையும் விரிப்பையும் உச்சியில் ஒரு பள்ளம் வெட்டிப் புதைத்து மண்ணடைத்திருக்கிறோம், அதுதான் பிடிமானம். அதற்குச் சற்றுக் கீழே மண் போடாமல் கொஞ்சம் இடம் விட்டு, விரிப்பின்மேல் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. சரிவுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி நட்டு, அதே கோட்டுக்கு நேராக ஒரு நூல். கோடும் நூலும் ஒன்றாக இருந்தால் எதுவும் நகரவில்லை. பிரிந்தால் நகர்ந்திருக்கிறது. யாருக்கும் கணக்கு தெரிய வேண்டாம், கண் இருந்தால் போதும்.

இரவு அப்பா என்னை விடவில்லை. குப்பையும் மண்ணும் ஒன்றுதான், கைப்பக்குவம்தான் வேண்டும், பையத் தள்ளினால் எதுவும் நகராது என்றார். நான் மாவுச் சட்டி மூடியைச் சாய்த்து வைத்து, ஈரத்துணி விரித்து, அரிசியைக் கொட்டிக் காட்டினேன். அது சரியான மாதிரி இல்லை, ஆனாலும் காட்டினேன். அப்பா அரிசியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாப்பம்" என்றார். அவர் நம்பவில்லை.

"அப்பனும் மவளுமா குப்பையக் கொண்டாந்து சோத்துல கொட்டுதீயளே" என்று அம்மா அரிசியைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அப்பா நன்றாக ஓட்ட வேண்டும். எதற்கு இதை எழுதுகிறேன், அவர் எப்போதும் நன்றாகத்தான் ஓட்டுவார்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் கீழிருந்து மேலே. அப்பாவுக்கு அது பழக்கமில்லை. பிளேடு மண்ணில் குத்தியது, வண்டி திணறியது, இரண்டு முறை பின்னால் எடுத்து மறுபடி வந்தார். கீழே நின்ற டிப்பர் டிரைவர்கள், நயினார் இன்றைக்குத்தான் லைசென்ஸ் எடுக்கிறார் போல என்று கிண்டல் செய்தார்கள். பாதி நாள் போய்விட்டது. ஆனால் வெள்ளைக் கோடு நூலோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மேலிருந்து கீழே.

அப்பா ஓட்டுவதை நான் சிறுவயதிலிருந்து தூரத்தில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று இப்படிப் பார்த்ததில்லை. மண்ணைத் தள்ளினார் என்று சொல்லவே முடியாது. போர்வையை இழுத்துவிடுவது போல, தூங்குகிற யாரையோ எழுப்பிவிடாமல் இழுத்துவிடுவது போல இருந்தது. ஒரு குலுக்கல் இல்லை. பிரேக் பிடித்ததே தெரியவில்லை. காலையில் கிண்டல் செய்த டிப்பர் டிரைவர்கள் கிட்டே வந்து நின்றார்கள். கோடு நகராவிட்டால் என் சரிவு போயிற்று. நகர்ந்தால் அவருடைய இத்தனை வருடம். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடு நகர்ந்தது. நூலுக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரல் வைக்கலாம். உச்சியில் மண்ணில் ஒரு வெடிப்பு, கையை நுழைக்கும் அளவுக்கு.

எட்வின் சார் குனிந்து படம் எடுத்தார். அண்ணாச்சி வெடிப்பைச் செருப்பால் ஒரு முறை தட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"நாலு வெரல் மண்ணு நகந்துச்சா, நயினாரு நகத்துனாரா? மவளுக்காவ அப்பன் ரெண்டு இடி இடிச்சு விட்டிருப்பான்."

எட்வின் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது, டிப்பர் டிரைவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. "ஊருக்கே தெரியும், போனாப் போவுதுன்னு இருந்தேன்" என்றார். ஆக, இந்த மேட்டில் அதை மறைத்து வைத்திருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

நான் சொல்ல வேண்டியது ஏராளம் இருந்தது. இப்போது எழுதும்போது எல்லாம் வரிசையாக வருகிறது. அங்கே வரவில்லை.

அப்பா கீழே இறங்கினார். துண்டால் கையைத் துடைத்தார். கோபப்படவில்லை.

"எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டுத் தள்ளிப் பாருங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு நம்பிக்கையான ஆளா."

செப்டம்பர் 9, செவ்வாய்

அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு ஆள் தள்ளிப் பார்த்து, அப்பா வேண்டுமென்றே இடித்தார் என்று முடிவானால் பிறகு எப்போதும் வர வேண்டாம்.

காலையில் அவர் மாவு அரைக்கும் கிரைண்டரைப் பிரித்துப் போட்டு, தேய்ந்த பெல்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அவராகவே சொன்னார்.

"ஒனக்காவ நான் தோத்துக் குடுக்கல."

"தெரியும்ப்பா."

"தெரியாது. நேத்து நீ கோட்டப் பாக்கல. எம் மொகத்தப் பாத்த."

அவர் பெல்டை இழுத்து மாட்டினார்.

"நீ சொன்னது தப்புன்னு காட்டணும்னுதான் ஓட்டுனேன். மூச்சப் பிடிச்சு ஓட்டுனேன் மக்கா. அதுக்கு மேல என்னால பைய ஓட்ட முடியாது. பொறவும் நகந்துட்டு."

கிரைண்டரைப் போட்டுப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றியது. அவர் முகத்தில் தோற்றவரின் முகம் இல்லை. வேறென்னவோ இருந்தது. அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

அண்ணாச்சி கொம்பையாவைக் கூட்டி வந்தார். கல்குவாரியில் டோசர் ஓட்டுகிறவர், அண்ணாச்சிக்குத் தூரத்து மச்சான். எங்களுக்குச் சாதகமாக ஓட்டுகிற ஆள் இல்லை, ஓட்டினால் அண்ணாச்சிக்குச் சாதகமாகத்தான் ஓட்டுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது பட்டையில் புதுக் கோடு, புது நூல். எட்வின் சார், பொய் சொல்ல இடமே இருக்கக் கூடாது என்று கோட்டை அண்ணாச்சியின் கையாலேயே போடவைத்தார். அப்பா வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

கொம்பையா நன்றாகத்தான் ஓட்டினார். பாதிச் சரிவு இறங்கி ஒரு முறை பிரேக் பிடித்தார். அவ்வளவுதான். துணி கிழிவது போல ஒரு நீளமான சத்தம். மண் மொத்தமாக, வண்டியோடு சேர்ந்து, ஒரு முழம் கீழே வந்து நின்றது. உச்சியில் விரிப்பு கிழிந்து கறுப்பு ஷீட் தெரிந்தது. ஷீட்டும் பள்ளத்திலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தது. கொம்பையா இறங்கி வந்தபோது சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்துப் பட்டையில் இருந்த நாலு விரல் இடைவெளியைப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். பிறகு அண்ணாச்சியிடம் கேட்டார். "இதுவும் மேல இருந்து தள்ளுனதா? ஆரு வே தள்ளுனது?"

யாரோ வேலிப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

"இவ்வளவு மோசமான தரையில நாலு வெரலோட நிப்பாட்டியிருக்காரு. இதப் போயி இடிச்சு விட்டாருன்னு சொன்னீயளா? இதுக்குக் கையில தங்கக் காப்பு போடணும்."

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பினார். பிறகு வேலிவரை தானே நடந்துபோனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து எட்வின் சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கீழ இருந்தே தள்ளுவம். பாதை போடுதேன். ஆனா மேடம், மழைக்கு முன்னால முடிக்கணும்னா நீங்க தெனமும் இங்கன நிக்கணும். பிளேடு முன்னால இல்ல, பக்கத்துல."

நிற்பேன் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போல, டிப்பர் டிரைவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

புதுப் பாதை எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிறது. புழுதி. காயப்போட்ட துணியெல்லாம் செம்மண் நிறம். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அத்தை வாசலில் மறித்துக்கொண்டாள். ஊர் முழுக்கக் கடன்பட்டுப் படித்துக் கடைசியில் குப்பைக்குச் சேலை கட்டும் வேலைக்குத்தான் போனாயா என்று கேட்டாள்.

வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். இன்று நின்றேன். மழை வந்தால் மேடு உன் வீட்டுக்குள் வராமல் இருக்கத்தான் அத்தை இந்தப் புழுதி என்றேன். போன தடவை பின்சுவர் வரைக்கும் வந்தது நினைவிருக்கிறதா என்றேன். ஷீட், விரிப்பு, மண், தண்ணீர் வெளியேறும் குழாய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் கையில் இருந்த முறத்தை வாங்கிச் சாய்த்துக் காட்டினேன்.

அத்தை கேட்டு முடித்துவிட்டு, "எம்மா, இவளுக்கு இவ்வளவு பேச வருமா?" என்று எங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

சாயங்காலம் தெருவில் பத்துப் பேர் வந்து மாவு வாங்கினார்கள். எல்லோரும் சரிவைப் பற்றிக் கேட்டார்களாம். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். எம்மவ போட்டது சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன் என்றாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் 24, புதன்

அப்பா கீழிருந்து தள்ளக் கற்றுக்கொண்டுவிட்டார். முதல் வாரம் எரிச்சலில் வண்டியைத் திட்டிக்கொண்டே இருந்தார். இப்போது மண்ணை மடிப்பு மடிப்பாக ஏற்றிக்கொண்டு போகிறார். சரிவில் திடீரென்று திரும்பக் கூடாது, சங்கிலிச் சக்கரத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு முழத்துக்குக் குறையாமல் மண் இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்ல நினைத்து வாயைத் திறப்பதற்குள் அவரே கொம்பையாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொம்பையா இங்கேயே தங்கிவிட்டார், இரண்டாவது வண்டிக்கு.

இன்று மதியம் டோசரின் நிழலில் சாப்பிட்டேன். கொட்டகையில் வெக்கை அதிகம்.

அக்டோபர் 9, வியாழன்

மண் முடிந்தது. வேரோடு வெட்டி எடுத்த புல் கரணை நடுகிறார்கள், கீழத்தெருப் பெண்களுக்கே வேலை கொடுத்திருக்கிறோம். சரிவின் நடுவில் படிபோல வெட்டிவிட்ட தட்டையான இடங்களில் வடிகால் வாய்க்கால் கட்டி முடித்தாகிவிட்டது. அடிவாரத்துக் குழாய் வாய்கள் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தேன், எங்கும் அடைப்பில்லை. விரிப்புக்குள் இறங்கும் தண்ணீர் இந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வராவிட்டால் மண்ணுக்குள்ளேயே தேங்கிச் சரிவைத் தூக்கிவிடும். கணக்கில் நான் அதிகம் பயந்த இடம் இதுதான்.

வானிலை அறிக்கையில் கிழக்கே ஏதோ உருவாகிறது என்கிறார்கள். அம்மா பின்கட்டில் இருந்த விறகையெல்லாம் முன்னால் எடுத்து வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. பட்டாசு எல்லாம் நமுத்துவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

நிற்காத மழை. பேருந்து ஓடவில்லை. வீட்டின் பின்பக்கம் போய்ப் போய்ப் பார்க்கிறேன். அப்பாவும் போய்ப் பார்க்கிறார். ஒருவருக்கொருவர் பார்க்காத மாதிரி இருக்கிறோம். செல்லக்கனி அத்தை குடும்பத்தோடு மகள் வீட்டுக்குப் போகவில்லை. மாரி போட்டது நிற்கும் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நான் மறுபடியும் பின்பக்கம் போனேன்.

அக்டோபர் 22, புதன்

விடிந்ததும் அப்பாவும் நானும் தளத்துக்கு நடந்தோம். மழை விட்டபாடில்லை, கனம் மட்டும் குறைந்திருந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர். அப்பா கோணியைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு முன்னால் போனார். வேலியைத் தாண்டும்வரை இரண்டு பேரும் தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு நிமிர்ந்து பார்த்தேன்.

சரிவு இருந்த இடத்தில் இருந்தது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரு கோணல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. புல் கரணைகள் கூட வரிசை மாறவில்லை. படிவாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடிவாரத்துக் குழாய்கள் எல்லாவற்றிலிருந்தும் நீர் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. மண் கலந்து வந்திருந்தால் உள்ளே எங்கோ அரிக்கிறது என்று அர்த்தம். அது கலங்கவே இல்லை. என் கையில் இருந்ததை அப்பாவும் எட்டிப் பார்த்தார்.

நான் சரிவில் ஏறினேன். குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வடிவமைத்ததை இப்படிக் காலால் மிதித்துப் பார்க்கும் நாள் ஒன்று வரும் என்று கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

எட்டு மணி வாக்கில் ஜீப் வந்தது. நகராட்சிப் பொறியாளர் மேடம், கூட இரண்டு உதவியாளர்கள், பின்னாலேயே காரில் அண்ணாச்சி. எட்வின் சார் வழியில் மாட்டிக்கொண்டார். மேடம் மழைக்கோட்டோடு அடிவாரம் முழுவதும் நடந்து பார்த்தார். மாவட்டத்தில் வேறு இரண்டு இடங்களில் மண் சரிந்திருக்கிறது, இங்கேயும் சரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன் என்றார். இதை வடிவமைத்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் மேடம்."

நான் எதையும் சொல்லிப் பார்த்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் வந்தது. சாய்வு ஏன் ஒன்றுக்கு மூன்று, ஷீட் ஏன் சொரசொரப்பு, மண் நனைந்தால் கணக்கு எப்படி மாறும், குழாய் ஏன் இத்தனை. அவர் நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள். பதில் சொன்னேன். வடக்குச் சரிவுக்கு வரைபடம் எப்போது தயாராகும் என்றார். பொங்கலுக்குள் என்றேன். அண்ணாச்சி இந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார், தானே வடிவமைத்தது போல.

பிறகு மேடம் அப்பாவிடம் திரும்பி, மண்ணை எப்படித் தள்ளினீர்கள் என்று கேட்டார். அப்பா கோணியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மழை அவர் தலையில் விழுந்தது.

"கீழ இருந்துதாம்மா. அடியில தாங்கல் இல்லாம மேல பாரத்த ஏத்தப்பிடாது பாத்துக்கிடுங்க. ஷீட்டு மேல எவனாவது மேல இருந்து தள்ளுவானா? கிறுக்கன்தான் தள்ளுவான்."

அண்ணாச்சிக்கு இருமல் வந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. நூல் கட்டிப் பார்க்க வேண்டும், கோடு போட்டுப் பார்க்க வேண்டும், நாலு விரல் நகர்ந்தாலும் நகர்ந்ததுதான் என்று மேடத்துக்கு விளக்கிக்கொண்டே போனார். மேடம் பொறுமையாகக் கேட்டார். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றார்.

அப்பா என்னைப் பார்க்காமல் சரிவைப் பார்த்துச் சொன்னார். "எங்க இன்ஜினியர் மேடம் சொன்னாவ."

மழை மறுபடி வலுத்தது. எல்லோரும் ஜீப்பை நோக்கித் திரும்பினார்கள். அவர் மட்டும் கோணியைத் தலையில் போட மறந்து, சரிவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் குடையை விரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"அப்பா, குடைக்குள்ள வாங்க" என்றேன்.